மொத தபா மேல போறவன்

இல்லம்மா, காபிலாம் வாணாம். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்டியே பாத்துகினு போலாம்னு. கோகுல்நாத் சம்சாரம் கிருஷ்ணப்பிரியா நீதானே? நான் வேம்புலி. அவன்கூடதான் கம்பெனில வேல செய்றேன். சொல்லிக்கீறானா? சொல்லிருக்க மாட்டான், பரவால்ல. எப்போ கெளம்புனான்? ஆறு மணி டிரெயினா. ம். இன்னிக்கு அவனுக்குப் பெரிய நாளாச்சே.

ஊடு நல்லாக் கீது. சொந்தமா? ஓ, வாடகையா. இருந்தாலும் ஏரிக்காத்து சும்மா அள்ளுது. கள்ளிக்குப்பத்துல எங்க தாத்தா காலத்து ஊடு, சொந்த ஊடுதான், கொசுவத் தவுர ஒண்ணும் வராது. எல்லாம் அவனுக்குன்னு அமையுது பாரு. வாடக ஊட்டப் பாத்துக்கூட வயிறெரியறவன் நான். சிரிக்காத, நெசந்தான் சொல்றேன்.

எங்க வேல இன்னான்னு தெரியுமா உனக்கு? மில்டிரி பிளேனு, எனக்கு முன்னாடி பொறந்ததுங்க. அதுல கீற பழைய முள்ளு மீட்டருங்களக் கழட்டிட்டு டிவி மாதிரி ஒண்ணு வெப்போம். வழி காட்டும். வேற பிளேனு கிட்ட வந்தா, எந்தப் பக்கம் வருதுன்னு புள்ளி வெச்சுக் காட்டிக் கத்தும். மோதிக்கக் கூடாதுல்ல.

அம்பத்தூர்ல இந்த வேலைக்கு நான் வந்து இருவத்திரெண்டு வருசம். உன் ஊட்டுக்காரன் பாடில வேற கம்பெனில இருந்தவன், இங்க வந்து மூணே வருசம். இந்த டிவி டப்பா புதுசா வந்தப்போ டிரெய்னிங்குக்கு யார அனுப்புனாங்க? அவனத்தான். எங்க மேனேஜர் சண்முகசுந்தரம் சார் அவனை வாப்பா கோகுல்னு கூப்புடுவாரு. நான் போனா, இன்னாய்யா வேம்புலி. ஆயுத பூஜை போட்டோல அவன் சார் பக்கத்துல நிக்கிறான், நான் ஓரத்துல பாதி மூஞ்சி. அத கான்டீன்ல மாட்டி வெச்சிக்கீறாங்க. தெனமும் அதப் பாத்துகினேதான் சோறு துன்னணும்.

அதக்கூட உட்டுட்டேம்மா. எங்க எடத்துல ஒரு வழக்கம் கீது. டப்பா மாட்டுனவங்கள்ல ஒருத்தர், பிளேனு மொத தபா மேல போவும்போது கூட ஒக்காந்து போவணும். அவன் உசுரும் உள்ள இருந்தாதான் ஒழுங்கா மாட்டுவான்னு. இத்தினி வருசம் பிளேனுக்குள்ள மல்லாக்கப் படுத்து முதுகு போனவன் நான். ஒரு நாள் தரைய உட்டு மேல போனதில்ல. இந்த வாட்டி நாந்தான்னு எம் பொண்டாட்டிகிட்டக்கூட சொல்லிட்டேன். கடைசில லிஸ்ட்ல அவன் பேரு. நெஞ்சுல பேர் தச்ச புது டிரஸ்ஸு வேற. ஊட்ல போட்டுக் காட்டுனானா? காட்டுவான், காட்டுவான். எனக்கு ரெண்டு நாளு தூக்கமே இல்ல.

மணி இன்னா? பத்தாயிடுச்சா. பத்தரைக்கு ஏத்துவாங்க.

ஒரு உதவி பண்ணேம்மா. சாருக்கு ஒரு போன் போடு. அவன் போனை மில்டிரி கேட்லயே வாங்கி வெச்சிருப்பாங்க, அதுக்குப் போட்டுப் பிரயோசனம் இல்ல. கொழந்தைக்கு ஜொரம், ஃபிட்ஸ் வந்துடுச்சு, அவர உடனே அனுப்புங்கன்னு சொல்லு. தெரியும்மா, கொழந்த தோ வெளாடிகினு கீது, நல்லா இருக்கட்டும் அது. சும்மா ஒரு வார்த்தைக்கு. ஐயோ, அவன் எடத்துல நான் ஏறிக்கறதுக்கு இல்லம்மா. அப்டிப் பாக்காத.

அந்த டிவிக்குன்னு பிளேனு முதுவுல ஒரு ஆன்டெனா, அதுக்கு நாலு ஒயரு. அவன் அதுல ரெண்ட மாத்திச் சொருவிட்டான். அவசரத்துல எவனுக்கும் ஆவறதுதான். வலது பக்கம் வர்ற பிளேன அது இப்போ இடது பக்கம் காட்டும். ஒருத்தர் மாட்டுனா இன்னொருத்தர் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும். பாத்தவன் நாந்தான். டார்ச் அடிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சேதான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.

கீழயே ஒரு மெஷின் வெச்சு சோதிப்பாங்க. அதுல மாட்டுவான், எல்லார் எதிர்லயும் அசிங்கப்படுவான், பேர அடிச்சுடுவாங்க. அவ்ளோதாம்மா நெனச்சேன். அந்த மெஷினு ரிப்பேராம். ரெண்டு கையெழுத்து கீதே, மேல போயே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம். லீவுல ஊட்ல கெடந்த எனக்குக் காலைலதான் சேதி வந்துது. மேல போனப்புறம் இன்னொரு பிளேன வேணும்னே கிட்ட ஓட்டினு வருவாங்க, புள்ளி சரியா காட்டுதான்னு பாக்க.

நான் போன் பண்ணா, தப்பப் பாத்துட்டு ஏண்டா கையெழுத்துப் போட்டன்னு கேப்பாங்க. வேல போவும், ஜெயிலுகூட ஆவும். அவன் எறங்கிட்டா இன்னிக்கு பிளேன எடுக்க மாட்டாங்க. நாளைக்கு விடியகாலைலயே போயி ஒயர நானே மாத்திடுவேன், ஒருத்தருக்கும் தெரியாது.

அழுவாதம்மா, அழ நேரம் இல்ல. உன் போன்லயே சார் நம்பர் போட்டுட்டேன், ரிங் போவுது, புடி. கொழந்தைக்கு ஜொரம்னு சொல்லு. பொய் சொல்ல வாய் வரலன்னா வேம்புலி பண்ணான்னே சொல்லு. எதுனா ஒண்ணு சொல்லும்மா, எடுத்துட்டாரு.