விளக்கைச் சுற்றி ஒரு வட்டம்

— இதுக்கு மேல ஒரு காசு குறைக்கச் சொன்னீங்கன்னா, கடையைச் சாத்திட்டு உங்க பஸ்லயே கண்டக்டரா ஏறிடுவேன் மாமா.

— கண்டக்டர்னா மிச்சச் சில்லறையைத் திருப்பித் தரணும்டா மச்சான். உனக்கு அது வராது.

— அக்காவைக் கட்டிக் குடுத்த வீட்டையே கேலி பண்ணுங்க... சரி, உக்காருங்க. ஆமா, என்ன இது, சட்டை மடிப்புக் கூடக் கலையல? காலையில இருந்து பஸ் ஓட்டிட்டு வர்ற ஆளு மாதிரியே இல்லையே.

— ஏசி பஸ் குடுத்திருக்காங்க.

— எனக்குத் தெரியாமயா?

— உனக்குத் தெரிஞ்சா அதுக்கும் ஒரு திரை விக்க வந்துடுவ. பேச்சை மாத்தாதே. கம்ப்யூட்டருக்குத் திரை வாங்கணும், மினி எல்இடியா, ஓலெட்டா? ரெண்டுல எது நல்லது?

— நல்லதுன்னு தனியா ஒண்ணு கிடையாது. எதுக்கு நல்லதுன்னு கேளுங்க. என்ன கேம் ஆடறீங்க?

— தெரியாத மாதிரி கேக்கற.

— தெரியும். இருந்தாலும் அதை உங்க வாயால கேக்கற சுகம் இருக்கே...

— ...பஸ் ஓட்டற கேம்.

— ஐயோ! நாள் பூரா பஸ் ஓட்டிட்டு, வீட்டுக்கு வந்து, யூனிஃபார்மைக் கழட்டிப் போட்டுட்டு, மறுபடியும் பஸ் ஓட்டறாரு என் மாமா. ஹோட்டல் மாஸ்டர் கூட வீட்டுக்குப் போனா அடுப்புப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு.

— அந்தப் பஸ்ல யாரும் திட்டறதில்லடா. ஏறுறாங்க, உக்காருறாங்க, இறங்குறாங்க.

— சரி, இப்ப இருக்கற திரைக்கு என்ன வந்துச்சு? நான் குடுத்ததுதானே?

— நீ குடுத்ததால வந்ததுதான். ராத்திரி ரூட்ல ஓட்டறப்ப ஒவ்வொரு தெருவிளக்கைச் சுத்தியும் ஒரு வட்டம். எதிர்ல வர்ற லாரி விளக்கைச் சுத்தியும் வட்டம்.

— அட, இவ்வளவுதானா! அது மினி எல்இடி மாமா. அதுல வட்டம் வரத்தான் செய்யும்.

— விக்கறப்ப, 'இதை மிஞ்ச உலகத்துல ஒண்ணு இல்ல'ன்னியே?

— அன்னிக்கு ஓலெட் என் கடையில இல்ல. கேளுங்க... மினி எல்இடியில திரைக்குப் பின்னாடி குட்டிக் குட்டி விளக்கா நிக்கும். கூட்டம் கூட்டமா. ஒரு கூட்டத்துக்கு ஒரு சுவிட்ச். இருட்டுல ஒரே ஒரு தெருவிளக்கைக் காட்டணும்னாலும் அந்தக் கூட்டம் முழுக்க எரியும். அதான் சுத்தி வெளிச்சம் கசியுது.

— ஒருத்தனைக் கூப்பிட்டா தெருவே எழுந்து வர்ற மாதிரி.

— அதேதான்! ஓலெட்ல அந்தக் கதையே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்புன்னா அணைஞ்சே போயிடும். விளக்கு விளக்கா இருக்கும், இருட்டு இருட்டா இருக்கும். நடுவுல கசிவே இருக்காது.

— இருக்கவே இருக்காது?

— இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்.

— அப்ப... வட்டம் திரையோட கோளாறா இருந்தா, ஓலெட்ல போயிடணும்.

— திரையோட கோளாறு இல்லாம வேற என்னவாம்?

— ஒண்ணும் இல்ல. கேட்டேன். திங்கக்கிழமை டிப்போல கண் டெஸ்ட் இருக்கு. அதுல பாஸானாத்தான் பஸ் கையில இருக்கும். அதான் எந்த விளக்கைப் பாத்தாலும் சந்தேகம்.

— உங்களுக்கென்ன மாமா, அடுத்த ஸ்டாப்புல கை காட்டறது ஆணா பொண்ணான்னு சொல்ற ஆளு. வாங்க, உள்ள இருட்டு ரூம்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விடறேன்... பாத்து! பாத்து மாமா!

— வழியில பெட்டியை வெச்சா? முட்டியைப் பேத்துடுச்சு...

— வழியில இல்லையே... ஓரமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு இடது பக்கம்.

— கடையா இது, குடோனா? நல்லா அடுக்கி வைடா.

— சரி சரி, உக்காருங்க. டீ வந்திருக்கு, எடுத்துக்கங்க.

— எங்க?

— அங்கதான்... மேஜை மேல.

— எங்கடா?

— உங்க கை பக்கத்துலயே... இந்தாங்க. குடிங்க.

— இருட்டுல டீ குடுத்தா இப்படித்தான்.

— இன்னும் விளக்கை அணைக்கலையே மாமா... இருங்க, ஒரு போன். ஹலோ... ம், சொல்லுங்க சார்... ஆமா சார், இப்பதான் சார்... பாத்துட்டுச் சொல்றேன். இல்ல சார், இன்னும் கேக்கல... வைக்கறேன்.

— யாரு?

— கேபிள்காரரு. ஸ்டாக் கேக்கறாரு.

— கேபிள்காரனுக்கு இவ்வளவு மரியாதையா? எனக்கே ரெண்டு 'ங்க' குடுத்தா மூணாவது 'ங்க'வுக்கு பில் போடுவ.

— இப்ப அணைக்கறேன்... இது மினி எல்இடி. புதுசு, கூட்டம் ரொம்பச் சின்னது. கறுப்பு ராத்திரி, நடுவுல ஒத்தைத் தெருவிளக்கு. எப்படி இருக்கு?

— வட்டம் இருக்கு.

— இருக்கும். பழசை விடக் கம்மியா இருக்கணும். இருக்கா?

— ...இருக்கு.

— ஆனா வெளிச்சத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. பத்து வருஷம் உழைக்கும். ஓலெட்ல ஒரே ஒரு குறை. அசையாத படம் ஒரே இடத்துல நாள் பூரா நின்னா, அங்க தழும்பு விழும். உங்க கேம்ல டிரைவர் சீட்டு, ஸ்டியரிங், ஸ்பீடு காட்டற முள்ளு எல்லாம் அசையாம நிக்குமே... ரெண்டு மூணு வருஷத்துல அந்த ஸ்டியரிங் திரையிலயே பதிஞ்சிடும். கம்ப்யூட்டரை அணைச்சாலும் ஆவி மாதிரி நிக்கும்.

— உன் சரக்குல குறைன்னு நீயே சொல்றியே, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?

— மாமாங்கறதால சொல்றேன். மத்தவங்களுக்கு வாங்கினதுக்கு அப்புறம்தான் சொல்வேன். சரி, இப்ப பாருங்க... ஓலெட். அதே ராத்திரி, அதே விளக்கு. ம்? எப்படி?

— ...போட்டுட்டியா?

— போட்டாச்சே. விளக்கு தெரியுதா?

— விளக்கு தெரியுது.

— அப்புறம் என்ன?

— சுத்தி வட்டம் இருக்குடா.

— எதுல?

— இதுல.

— இது ஓலெட் மாமா. நீங்க பக்கத்துல இருக்கறதைப் பாக்கறீங்க.

— அதை நீ அணைச்சுட்ட.

— ...ஆமா, அணைச்சுட்டேன்.

— உன் ஓலெட்ல வட்டம் இருக்கு. எவனோ டூப்ளிகேட்டை உன் தலையில கட்டிட்டான்.

— இருங்க, தூசியா இருக்கும்... துடைக்கறேன். இப்ப?

— இருக்கு.

— கதவு இடுக்குல இருந்து வெளிச்சம் வருதோ... கதவுத் திரைச்சீலையை இழுத்து விடறேன். இப்ப?

— இருக்கு.

— கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க... கண்ணைத் துடைச்சுட்டுப் பாருங்க.

— துடைச்சுட்டேன்டா. வேற வயர் போட்டுப் பாரேன்.

— வயருக்கும் வட்டத்துக்கும் சம்பந்தம் இல்ல... சரி, போடறேன். உங்களுக்காக. ...இப்ப?

— உனக்குத் தெரியலையா?

— இருங்க, கிட்டப் போய்ப் பாக்கறேன்.

— கேக்கறேன்ல. உனக்கு வட்டம் தெரியுதா, தெரியலையா?

— தெரியுது.

— தெரியுதா?

— ஆமா மாமா. இப்ப உத்துப் பாத்தா... லேசா... இருக்கு. பீஸ் கோளாறு. கம்பெனிக்காரனைச் சும்மா விட மாட்டேன்.

— அப்ப வேற பெட்டியைப் பிரி.

— வேற... ஸ்டாக் இல்ல.

— உள்ள வர்றப்ப அதே பெட்டி மேலதானே முட்டியை இடிச்சுக்கிட்டேன்?

— அது வேற மாடல்.

— ம்... நீ பாத்தியே வட்டம், என்ன கலரு?

— கலரா? வெள்ளை... வெள்ளையாத்தான். புகை மாதிரி.

— எனக்கு வானவில் மாதிரி தெரியுது மச்சான். உள்ள நீலம், வெளியில சிவப்பு. அழகாத்தான் இருக்கு, சொல்லக் கூடாது.

— ஆங்... வானவில்தான் மாமா, இப்பத் தெரியுது.

— பொறந்ததுல இருந்து வாடிக்கைக்காரங்க கிட்டப் பொய் சொல்ற பரம்பரைடா நீங்க. இன்னிக்கு இவ்வளவு மோசமா சொல்ற?

— விளக்கைப் போடறேன்... மாமா, இன்னிக்கு எதுவும் வாங்க வேணாம். ரெண்டும் வேணாம். நான் விக்கல.

— விக்கலையா? நீயா?

— பணம் எங்கயும் ஓடிடாது. எழுந்திரிங்க, வண்டியை எடுக்கறேன். கண் டாக்டர் எனக்குத் தெரிஞ்சவரு. புரையாத்தான் இருக்கும், சின்ன ஆபரேஷன்... மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்.

— என் கண்ணுக்கு என்னன்னு யாருடா உனக்குச் சொன்னது?

— யாரும் இல்ல. வட்டம்னீங்க, அதான்...

— கேபிள்காரன் சொன்னானா? இருபது வருஷமா ஒரே வீட்டுல கேக்கற குரல். போனுக்குள்ள இருந்து வந்தா தெரியாதா? காது நல்லாத்தான்டா இருக்கு.

— ...அக்கா காலையிலயே கூப்பிட்டா மாமா. 'மாமா கடைக்கு வர்றாரு, விளக்கைக் காட்டிப் பாரு, டீயை இடது பக்கம் வெச்சுப் பாரு, என்ன பண்றாருன்னு சொல்லு'ன்னா.

— அந்த டீ வேணும்னே வெச்சதா?

— ஆமா. பெட்டி மட்டும் சத்தியமா தானா இருந்தது.

— ம்... வேற என்ன சொன்னா?

— வேணாம் மாமா.

— சொல்லுடா.

— அவ இடது பக்கம் வந்து நின்னா நீங்க திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாம். தட்டை வெச்சா தொடறதில்லையாம். என்ன கோபமோ, நான் என்ன தப்புப் பண்ணேனோன்னு... மூணு மாசமா அழுதுட்டு இருந்திருக்கா. அன்னிக்கு ஒரு நாள் வாசல் கதவுல உங்க தோள் இடிச்சப்பதான் அவளுக்குப் புரிஞ்சதாம். கோபம் இல்ல, கண்ணுன்னு. அதுல... சந்தோஷப்பட்டாளாம் மாமா. ஒரு நிமிஷம். அப்புறம் அதுக்காகவும் அழுதிருக்கா. திங்கக்கிழமை டெஸ்டுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட வாங்க. பாஸ் பண்றதுக்கு ஏதாவது குறுக்கு வழி யோசிச்சு வெச்சிருந்தீங்கன்னா அதை விட்டுடுங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி நாப்பது அம்பது பேர் உக்காந்திருக்காங்க மாமா. இடது பக்கத்துலதான் ஏறுறாங்க, இறங்குறாங்க.

— தெரியும்டா.

— அக்காவும் ஒரு நாள் அதுல ஏறலாம்.

— தெரியும்னேன்ல... ஒரு சந்தேகம் கேக்கறேன், வியாபாரியா பதில் சொல்லு. மினி எல்இடியில அதோட வட்டம் ஒண்ணு, என்னோடது ஒண்ணு, ஆக ரெண்டு. சரியா?

— மாமா...

— ஓலெட்ல என்னோடது மட்டும்தான்.

— ...ஆமா.

— ராத்திரியும் அதுலதான் ராத்திரியா இருக்கு. நான் ஓட்டின ரூட்ல கடைசி நாலு ஸ்டாப் அப்படித்தான் இருக்கும், மை மாதிரி. ஓலெட்டையே கட்டு.

— இப்ப இதா முக்கியம்? அப்படியே வாங்கறதா இருந்தாலும் மினி எல்இடிதான் உங்களுக்கு. வெளிச்சம் அதிகம், பத்து வருஷம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம். இதுல ரெண்டு மூணு வருஷத்துல தழும்பு விழும்னு சொன்னேனே, காதுல விழலையா?

— விழட்டும் மச்சான். அந்தத் தழும்பைப் பாக்கற வரைக்கும் எனக்குத் தவணை குடுக்கல. டெஸ்ட் வர்ற திங்கக்கிழமை இல்லடா, போன மாசமே முடிஞ்சு போச்சு. பஸ்ஸையும் அன்னிக்கே வாங்கிக்கிட்டாங்க. இப்ப டிப்போல உக்காந்து, ஜனங்க விட்டுட்டுப் போற குடையை அடுக்கிட்டு இருக்கேன்... அதான் சட்டை கசங்கல. புரை இல்லையாம். கண்ணுக்குள்ள அழுத்தம், அதுல நரம்பு செத்துடுச்சாம். போனது வராது, மிச்சம் இருக்கறது ஒரு வருஷம் நின்னா பெரிசுன்னாரு டாக்டர். அந்த ஆளுக்கு என்கிட்ட விக்க ஒண்ணும் இல்ல, அதனால அவரு சொன்னதைப் பொய்னு தள்ளவும் முடியல. எதையாவது என் தலையில கட்டணும்னு நிக்கறவன் கிட்டக் கேட்டா, வட்டம் திரையோடதுதான்னு சொல்லிடுவான்னு உன்னைத் தேடி வந்தேன்... நீயே விக்க மாட்டேன்னுட்ட.