1957-ஆம் ஆண்டு மெனு

எனக்கு டீ வேண்டாம் ஐயா. மத்தியானத்துக்கு மேல் குடித்தால் தூக்கம் வராது. மற்றபடி இந்த மூன்று நாளும் நன்றாகவே தூங்கினேன்.

சங்ககிரிக்கு வெளியே நான் வேலை பார்க்கும் கிடங்குக்கு அமெரிக்காவிலிருந்து கழிவுத்தாள் வரும். பெண்கள் நாங்கள் உட்கார்ந்து பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பொறுக்கி எடுப்போம். மிச்சத்தை இயந்திரத்தில் அழுத்திக் கட்டாக்கி ஆலைக்கு அனுப்புவோம். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குப்பையில்தான் முதல் மெனு அட்டை கிடைத்தது. தென்னை மரம், தீப்பந்தம், பல்லைக் காட்டும் மரச்சிலை, மண்டையோட்டுக் கோப்பையில் மது. ஒரு பானத்துக்குக் கீழே, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று அச்சடித்திருந்தது.

டிகி பார் மெனு என்று சொல்லிக்கொடுத்தவர் சித்தார்த் அண்ணன். அம்மாபேட்டைக்காரர். பழைய அச்சுத்தாள்களை வாங்கி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவர். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் தென்கடல் தீவுகளைப் போல வேடமிட்ட மதுக்கூடங்கள் இருந்தனவாம். அவற்றின் மெனுவில் ஆண்டு இருக்காது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலாசத்தில் ஊர்ப் பெயரை ஒட்டி, நம் பின்கோடு போல ஐந்து எண் இருந்தால் அது 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. தொலைபேசி எண் எழுத்தில் தொடங்கினால் பழையது. விலை ஏறினால் பழைய விலையின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். இவற்றையெல்லாம் நோட்டில் எழுதிவந்தேன். ஒன்பது நோட்டு நிறைந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னேன். அனிதா சிரித்தாள். அவள் உள்ளங்கையில் காம்பஸைக் குத்தினேன். மறுபக்கம் வரை போனது. அதோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று சொன்னேன்.

ஒரு மெனுவுக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. அதன் பின்பக்கத்தில் விலாசம் இருக்க வேண்டிய இடத்தை நான்கு சீட்டுகள் மறைத்திருந்தன. முன்பக்க வரைபடத்தில் ஹவாய்க்குப் பிரதேசம் என்று போட்டிருந்தது. ஹவாய் மாநிலமானது 1959-இல். மற்ற மெனுக்களின் விலைகளோடு ஒப்பிட்டு 1957 என்று முடிவு செய்தேன். விற்பனைப் பட்டியலில் அண்ணன் அதையே போட்டார். 'ஆண்டைக் கணித்தவர்: ச. மதுமதி.' போனில் காட்டினார். என் பெயர் அச்சில் வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த மெனுவோடு கிடங்குக்கு வந்தார். சீட்டுகளைக் காணோம்.

"அம்மா இட்லி ஊத்தறப்ப ஆவியில காட்டுனேன். பூவாட்ட வந்துருச்சு. இங்க பாரு சாமி, அஞ்சு நம்பர். உன்ற அம்பத்தேழு அம்பேல்."

"அப்ப அந்தப் படமுங்கண்ணா?"

"எவனோ பழைய பிளாக்கையே போட்டு அடிச்சிருக்கான். நம்மூருக் கல்யாணப் பத்திரிகையில ஒரே புள்ளையார வெச்சு முப்பது வருசமா அடிக்கறாங்கல்ல, அதாட்டத்தான்." சிரித்தார். "பத்தாவதுகூட முடிக்காத புள்ளைக்கு இதே பெருசு, விடு. வருசத்த மாத்தி என்ற பேரையே போட்டுக்கறேன்."

"மாத்தி அனுப்பிட்டீங்களாண்ணா?"

"இன்னும் இல்ல. ஊட்டுக்குப் போயித்தான்."

அவர் கெட்டவர் இல்லை. செல்லமாகத்தான் சிரித்தார்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இதே மெனுவின் இன்னொரு பிரதி இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டது என்றேன். கதவு திறந்திருந்தால் அந்த இயந்திரம் ஓடக் கூடாது. வேலை தாமதமாகிறது என்று கதவு சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்திருந்தோம். அண்ணனுக்கு அது தெரியாது. இடுப்பு வரை உள்ளே குனிந்து தாள்களைக் கிளறினார்.

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். தாளை அழுத்தும் தகடு மெதுவாகத்தான் இறங்கும். முதுகில் பட்டதும் கால்கள் உதைத்தன. "மது, நிறுத்து சாமி," என்றார். அடுத்துக் கேட்டது பேச்சு இல்லை. காய்ந்த மட்டை முறியும் சத்தம். தகட்டை மேலே ஏற்றினேன். காப்பாற்றுவதாக நினைத்திருப்பார், என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தக் கையில்தான் மெனு இருந்தது. கையையும் கால்களையும் மடித்து உள்ளே தள்ளி, அவர் போனையும் போட்டு, கதவைச் சாத்தினேன். இன்னும் நான்கு முறை இறக்கினேன்.

வெளியிலிருந்து பழனியம்மாள் அக்கா கூப்பிட்டார். "என்ன கண்ணு சத்தம்? சோறு திங்க வல்லியா?"

"தகரம் மாட்டிக்கிச்சுங்கக்கா. நீங்க உண்ணுங்க, வாரேன்."

மேலும் கீழும் அட்டைப்பெட்டிகளை வைத்து, நான்கு கம்பி போட்டுக் கட்டினேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன். நேற்று கட்டின் அடியில் கசிந்திருக்காவிட்டால் அது ஆலைக்குப் போய் வெள்ளைத் தாளாகியிருக்கும்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள் ஐயா. எனக்குக் கோபம் வராது. பழைய பொருளை ஆவியில் காட்டிக் கெடுத்தார், அதற்காகத்தான். கைப்பற்றிய பொருள் விவரத்தில் அந்த மெனுவைச் சேர்ப்பீர்கள் அல்லவா, ஆண்டு என்ற இடத்தில் 1957 என்று போடுங்கள். அந்த ஐந்து எண்களைப் பார்த்தவர் என்னைத் தவிர இப்போது யாரும் இல்லை.