சிவப்பு ரிப்பன் கட்டிய ஆணி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வராது. இது என் நண்பனின் அக்கா புருஷனுக்கு நடந்தது.

மாலை ஏழு மணி இருக்கும். ஓடுபாதைக்குப் போகும் ஒற்றை ரோடு... ஒரு நாய்கூட இல்லை. ரோடு முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை. உள்ளே அவர் மட்டும். விமான மெக்கானிக். வாய்க் கொழுப்பு அதிகம். பேயே வந்தாலும் அதை ஸ்பேனர் எடுத்துத் தரச் சொல்லும் ஆள்.

அவர் சரிசெய்துகொண்டிருந்தது பழங்காலத்துச் சின்ன விமானம். இரண்டே இருக்கை, ஒன்றன் பின் ஒன்றாக. மேலே கண்ணாடி மூடி. பல வருடத்துக்கு முன் விழுந்து நொறுங்கியது. விமானத்தின்மேல் தப்பில்லை, ஓட்டியவர்மேல்தான். நிறுத்தி வைக்கும்போது காற்றில் வால் ஆடாமலிருக்க ஓர் இரும்பு ஆணியைச் செருகுவார்கள். மறக்காமலிருக்க அதில் சிவப்பு ரிப்பன். பறக்கும் முன் ஓட்டுபவரே சுற்றி வந்து, அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று அவருக்கு அவசரம். ஏறினார், பறந்தார்... விமானத்தின் மூக்கை இறக்க முடியவில்லை. ஆணி வாலிலேயே இருந்தது.

தலைகீழாக விழுந்தது. மூடி நசுங்கி இறுகிவிட்டது. ஓடி வந்தவர்களுக்கு உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். அது நிற்கும்வரை அவர்களால் திறக்க முடியவில்லை.

“ஓர் ஆணியக் கழட்டத் தெரியாதவருக்கு எதுக்குப் பறக்குற ஆசை?” என்று நம்மவர் தினமும் கேலி செய்வார்.

அன்று வேலை முடிந்தது. ஆணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சோதித்துப் பார்க்க முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மூடி தானாகச் சரிந்தது... கிளிக்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை அவர் இன்னும் மாட்டவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிரே மேசைமேல் வைத்திருந்தார், போனுக்குப் பக்கத்தில். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

தோளால் முட்டினார். உதைத்தார். அசையவில்லை. கத்திய கத்து அவர் காதுக்கே திரும்பி வந்தது. முழங்கால் மடக்க இடமில்லை, மூச்சு முட்டியது. கால்களுக்கு நடுவிலிருந்த, வாலை அசைக்கும் கம்பியைப் பிடித்து இழுத்தார்... அதுவும் இறுகிக் கிடந்தது. ஆணி பையில் இருக்கிறது, பிறகெப்படி?

மேசைமேல் போன் அடித்தது. மனைவி. மணி பாதியில் நின்றது. வெளிச்சம் மட்டும் அணையவில்லை.

அப்போது பெட்ரோல் வாடை வந்தது. டாங்கில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அவர் மூச்சில் முன் கண்ணாடி மங்கியது. பின் கண்ணாடியும் மங்கியது... மெதுவாக. இந்த விமானத்தில் ஓட்டுபவர் உட்காருவது பின் இருக்கையில்.

டொக்... டொக்... டொக். முதுகுக்குப் பின்னால்.

அவர் திரும்பவில்லை. இனி வீடு போய்ச் சேரமாட்டோம் என்று அழுகை வந்தது. பையிலிருந்து ஆணியை எடுத்து, தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டினார்.

“கழட்டியாச்சு சார்... இதோ, பாருங்க.”

ஈரமான விரல்கள் வாங்கிக்கொண்டன. கம்பி தளர்ந்தது. மூடி திறந்தது.

போனைக்கூட எடுக்காமல் வீடுவரை ஓடினார். கதவைத் திறந்த மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“போன எடுத்துட்டு ஏன் பேசல? டொக் டொக்னு ஒரே சத்தம். அப்புறம் யாரோ அழுதாங்க. ‘கழட்டிட்டேன்னு நெனச்சேன்... கழட்டிட்டேன்னு நெனச்சேன்’னு... யாருங்க அது?”

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஆணி அங்கே இருந்தது. ரிப்பன் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு.