காப்பி ஊற்றி எழுப்பிய வண்டி

இந்த ஆண்டு மான்கறி விருந்துக்குத் தலைமை ஏற்று, "நோரீன், சுருக்கமா முடிச்சிடும்மா" என்று என் காதில் சொல்லிவிட்டு, முடிக்க மாட்டேன் என்று தெரிந்தே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்ட போதகர் ஆர்லோ அவர்களே! வெர்மான்ட் மலையின் பனியைக் கண்டு கண்டு அந்தப் பனியின் நிறத்தையே தலையில் தாங்கியிருக்கும் பெரியோர்களே! காலை முதல் கரண்டி பிடித்த கை ஓயாத தாய்மார்களே, அவர்களைவிட நன்றாகச் சமைத்த தந்தைமார்களே! என் பள்ளிப் பேருந்தில் என் முதுகுக்குப் பின்னால் நாக்கைத் துருத்தி வளர்ந்த இளைஞர்களே! பீச்சர் ஹாலோ தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் சார்பில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

பசியோடு இருப்பவர்களிடம் நீட்டி முழக்கக் கூடாது. ஆகவே கசப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குழுவில் வண்டி ஏற ஆளில்லை. அடுத்த பனிக்குள் ஆள் சேராவிட்டால் இந்த நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் நம் வீட்டில் தீப்பிடித்தால், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வண்டி வரும். வரும், மறுக்கவில்லை! ஆனால் அது வந்து சேரும் வரை உங்கள் வீடு காத்திருக்குமா? நெருப்புக்குப் பொறுமை உண்டா?

இந்த நேரத்தில் எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. அடடா, எப்படிப்பட்ட இரவு! எத்தனை இனிய மனிதர்கள்! நான் இந்தக் குழுவில் சேர்ந்த புதிது. அன்றும் இதே மான்கறி விருந்து. அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். மேசை போட இடம் வேண்டுமே! அதனால் தீயணைப்பு வண்டிகளை மதியமே வெளியே ஓட்டி, பனியில் நிறுத்திவிடுவோம். நெருப்பை அணைக்கும் வண்டி நடுக்கத்தில் நிற்க, நாங்கள் அதன் இடத்தில் உட்கார்ந்து கறி தின்போம். உலகத்தில் வேறு யாருக்காவது இந்த அறிவு வருமா?

குளிரென்றால் குளிர்! கொட்டும் குளிர், கொல்லும் குளிர், கதவின் கைப்பிடி கையைப் பிடித்துக்கொண்டு விடாத குளிர்! முதல் தட்டு பரிமாறும்போதே சங்கு ஊதியது. ஒரு கார் சறுக்கிப் பள்ளத்தில் தலைகுப்புறக் கிடந்தது. உள்ளே இருந்தவர் மடியில் விருந்துக்குக் கொண்டுவந்த ஆப்பிள் பணியாரம். யாரென்று கேட்கிறீர்களா? தலைமை நாற்காலியைப் பாருங்கள்! வெளியே இழுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பணியாரம் உடையலையே?" சிரிக்காதீர்கள் போதகரே, உடைந்துதான் இருந்தது, நாங்கள் வழித்துத் தின்றோம்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். மறுபடியும் சங்கு! எமரி லாபவுண்டி வீட்டுப் புகைபோக்கியில் தீ. எமரி எங்கே? இதே கூடத்தில், வாயில் கறித்துண்டோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் மனைவி கோலெட் மட்டும். நம் ஊர் வீடுகள் உங்களுக்குத் தெரியும்: வீட்டை ஒட்டி விறகுக் கொட்டகை, அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை, எல்லாம் ஒரே கூரை வரிசை. புகைபோக்கியில் பிடித்தது விறகுக்குத் தாவினால், விறகிலிருந்து வைக்கோலுக்குத் தாவும். அப்புறம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும் மாடுகள்?

எமரியையும் ஏற்றிக்கொண்டு பறந்தோம். கோலெட் பத்திரமாக வாசலுக்கு வந்திருந்தார். குழாயை விரித்தோம். எங்கள் கேப்டன் வெண்டல் நெம்புகோலை இழுத்தார். தண்ணீர் வரவில்லை. மீண்டும் இழுத்தார். ஒரு சொட்டு இல்லை.

"கேப்டன், என்ன ஆச்சு?" என்று அலறினார் எமரி.

"பம்பு உறைஞ்சுபோச்சுடா. வண்டிய வெளிய நிறுத்தச் சொன்னது நான்தான்."

"நிறுத்தச் சொன்னது யாருன்னா கேட்டேன்? தண்ணி எங்கன்னு கேக்கறேன்!"

கண்ணெதிரே கூரை எரிகிறது, காதில் மாடுகள் கதறுகின்றன, கையில் காலிக் குழாய்! அப்போதுதான் சாலையில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு காரா? இரண்டு காரா? விருந்துக்கு வந்த ஊரே தட்டைப் போட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது! முதல் வண்டியிலிருந்து நம் விருந்துகளில் காப்பி ஊற்றும் பெர்னடெட் இறங்கினார், விருந்துக் காப்பிப் பானையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

"இப்பப் போய் காப்பியா?" என்று கத்தினேன்.

"உனக்கு யாருடி கொண்டாந்தா? பம்புக்கு! தள்ளு!"

ஊற்றினார்கள். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றினார்கள். அது தீர்ந்ததும் மான்கறிக் குழம்பை ஊற்றினார்கள். ஊற்றும் வரை சும்மா இருந்தார்களா? பனியை வாரிக் கூரையில் இறைத்தவர்கள் எத்தனை பேர்! நல்ல கோட்டோடு சாணியில் இறங்கி மாட்டை ஓட்டி வந்தவர்கள் எத்தனை பேர்! கடைசியில் பம்பு இருமியது, செருமியது, சீறியது. தண்ணீர்! காப்பி மணக்கும் தண்ணீர்! சமையலறைக் கூரை போனது. மாடுகள் அத்தனையும் பிழைத்தன.

அத்தோடு சங்கு ஓய்ந்ததா? ஓயவில்லை. மேட்டு வீட்டில் அடுப்புப் புகை வெளியேறும் குழாயைப் பனி மூடி, நச்சுப்புகை உள்ளே நிறைந்து, வயதான கணவனும் மனைவியும் மயங்கிக் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கிக் கொண்டுவந்து காற்றில் கிடத்தினோம், கண் திறந்தார்கள். நிலையத்துக்குத் திரும்பிக் கோட்டைக் கழற்றினால், அது விறைத்துத் தானாகவே நின்றது!

விடிந்ததும் வெண்டல் தன் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தார். "என்னால ஒருத்தன் வீடு போயிருக்கும். வேற ஆளப் பாருங்கப்பா."

எமரி எழுந்தார். முகமெல்லாம் கரி. தலைக்கவசத்தை எடுத்து வெண்டலின் தலையில் அழுத்தினார். "கூரைய நான் போட்டுக்குவேன் கேப்டன். நீங்க போயிட்டா, அடுத்த தடவ நாங்க யாரக் கூப்பிடறது?"

அன்று முதல் விருந்து நாளிலும் ஒரு வண்டியை இந்தக் கூடத்துக்குள்ளேயே நிறுத்துகிறோம். இன்று அதன் சக்கரத்தில் முழங்கை இடிக்க இடிக்கத்தான் நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள். பம்பு சூடாக இருக்கிறது, தொட்டி நிறைந்திருக்கிறது. ஆனால் வெண்டலைப் போன இலையுதிர் காலத்தில் அடக்கம் செய்தோம். அவரைத் தேடாத நாளில்லை எனக்கு. இன்று வண்டி உள்ளே நிற்கிறது, அதில் ஏற ஆள் எங்கே? எமரி அன்று கேட்டதை இன்று நான் கேட்கிறேன்: நாம் யாரைக் கூப்பிடுவது?

தட்டைப் பார்க்காதீர்கள். என்னைப் பாருங்கள்.

யாரது பின்னால்? பெர்னடெட்டா? உட்காருங்கள், காப்பி பிறகு கொடுக்கலாம். என்ன? உரக்கச் சொல்லுங்கள்! கேட்டீர்களா ஊராரே? "ஏணி ஏற என் முட்டி ஒத்துக்காது. ஆனா பால் லாரி ஓட்டித்தான் மூணு பிள்ளைங்கள வளர்த்தேன். தண்ணி லாரி ஓட்ட மாட்டேனா? சாவியக் குடுடி" என்கிறார்!

இந்தாருங்கள் சாவி, பிடியுங்கள்! பொறுங்கள். அங்கே இன்னொரு நாற்காலி நகர்கிறது. ஜன்னலோரம் ஒன்று. எமரி, உங்கள் மகள் எழுந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விடுங்கள்!

எழுந்தவர்களுக்கு நன்றி, எழ நினைப்பவர்களுக்கும் நன்றி, ஆறிய கறியைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. யாராவது பெர்னடெட் அளவுக்கு ஒரு கோட்டு எடுத்து வாருங்கள். வணக்கம்!