மூன்றாவது பட்டை

— அந்தக் கயாக் படகத் தொடாதீங்க தங்கச்சி. போலீஸ் இன்னும் பாத்து முடிக்கல.

— தொடல. எங்கம்மா போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் எங்க?

— அத கொண்டு போயிட்டாங்க. நீங்க பிரேமாவதி ஆண்ட்டி மகளா?

— ஆமா. சாந்தினி. கோலாலம்பூர்லேருந்து வர்றேன். நீங்கதான் அன்னைக்கு கைடு, சிவநேசன்?

— நாந்தான். உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.

— எனக்கு அம்மா முகம்.

— அதான் போல.

— ஜாக்கெட் போட்டும் எப்படி அண்ணே முங்குனாங்க?

— நெஞ்சுல ரெண்டு பட்டையும் மாட்டியிருந்தாங்க. காலுக்கு நடுவுல போற மூணாவது பட்டைய மாட்டல. ஆறு கடல்ல கலக்குற எடத்துல படகு கவுந்துச்சு. தண்ணி ஜாக்கெட்ட மேல தூக்கிருச்சு, தலை வழியா கழண்டுருச்சு. நான் போய்ச் சேந்தப்ப ஜாக்கெட் மட்டும்தான் மிதந்துச்சு.

— மாட்டலன்னு நீங்க பாக்கலையா?

— கேட்டேன் லா. மாட்டியாச்சா ஆண்ட்டின்னு. மாட்டிட்டேன் தம்பின்னாங்க. நீட்டு சட்டை, மேல மூடியிருந்துச்சு.

— கேட்டா போதுமா?

— போதாது. இழுத்துப் பாக்கணும்.

— அப்ப ஏன் பாக்கல? ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தீங்களா?

— இல்ல.

— முந்துன நாள் குடிச்சீங்களா?

— நான் குடிக்கிறதில்ல தங்கச்சி.

— அம்மா வேலை செஞ்ச கிளவ் ஃபேக்டரியோட ஃபேமிலி டே. ஆளு ஜாஸ்தி, நேரமில்ல. அப்படித்தான?

— பன்னெண்டு படகுதான். நேரம் இருந்துச்சு.

— ஃபேக்டரியில கூட்டிட்டுப் போறாங்கன்னு மட்டும்தான் அம்மா சொன்னாங்க. எங்கன்னு நான் கேக்கல. இந்தக் கோலா மூடாவுக்குத்தான்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

— கேட்டிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க.

— சோம்பேறித்தனம்னாவது சொல்லுங்களேன் அண்ணே. நாளைக்கு போலீஸ்ல ரிப்போட் குடுக்கப் போறேன். உங்க லைசென்ஸ் போயிரும்.

— குடுங்க. தப்பு என்னோடதுதான்.

— காரணத்த சொல்லுங்க. எனக்கு வேணும்.

— போன வருஷம் வரைக்கும் நானே ஒவ்வொருத்தருக்கா பட்டைய இழுத்துப் பாத்துதான் படகுல ஏத்துவேன். ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும். ஒரு நாளு காலேஜ் புள்ளைங்க வந்துச்சுங்க, பஸ்ஸு நிறைய. எல்லாம் தொப்பி, மூஞ்சி பூரா சன்கிரீம். ஒரு பொண்ணுக்கு அந்தப் பட்டை முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சு நேராக்கி மாட்டிவிட்டேன். கூட இருந்ததுங்க சிரிச்சுதுங்க.

— அப்பறம்?

— அன்னைக்கே கூகுள்ல என்னைப் பத்தி ஒரு ஸ்டார் ரிவியூ. மொதலாளி ரெண்டு மாசம் வேலை குடுக்கல. என் பொண்டாட்டியும் படிச்சுட்டா. திரும்ப சேத்துக்கிட்டப்ப ஒரே ரூல். பொம்பளைங்கள வாயால கேளு, கை வைக்காத.

— அதனாலதானா?

— அதனாலதான். உங்கம்மாவ பத்தடி தள்ளி நின்னுதான் கேட்டேன்.

— எழுதுனவங்கள தேடிப் பிடிச்சு அழிக்கச் சொல்லலையா?

— பேரு போடல, யாருன்னு தேடுறது. ஆனா மனப்பாடம். 'ஜாக்கெட் சரி பண்றேன்னு சொல்லிட்டு இந்த கைடு...'

— '...கண்ட எடத்துல கை வைக்கிறான். உங்க வீட்டுப் பொம்பளைங்கள அனுப்பாதீங்க.'

— நீங்களும் படிச்சிருக்கீங்களா?

— ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க அண்ணே. அந்தக் கோவத்துல பஸ்ஸுலயே உக்காந்து எழுதுனேன்.