கை காட்டினால் உட்காரும்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அப்புறம் சிரிப்பு வராது. என் சிநேகிதியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது இது. தையல் வேலை. எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா.

மாலை ஏழு மணி... மழை தூறலாகக் குறைந்திருந்தது. லாரிகளை ஏற்றி எடைபோடும் பழைய மேடை ஒன்று, அதையொட்டிப் போகிற சாலை. மேடையை மூடி வெகுகாலம் ஆகிறது. ஆள் இல்லை, விளக்கு இல்லை. பஸ்ஸிலிருந்து அவள் ஒருத்திதான் இறங்கினாள்.

இருட்டை அவள் கவனிக்கவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த நாய் டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"கிழவன் எப்படிம்மா இருக்கான்? போன சனிக்கிழமை ஊசி போடக் கூட்டிட்டு வரேன்னீங்க, காத்துக்கிட்டிருந்தேனே... மனசு மாறிட்டீங்களா?"

கிழவன் அவள் வளர்த்த நாய். காது போய்விட்டது. சிறுநீரகம் பழுது. பின்னங்காலை இழுத்துத்தான் நடப்பான். படுத்துப் படுத்து வந்த புண்ணுக்கு அவள்தான் களிம்பு தடவுவாள். "இனிமே அவனை வச்சிருக்கறது உங்களுக்காகத்தான், அவனுக்காக இல்ல" என்று டாக்டர் சொன்னபோது அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்தக் கடைசி ஊசிக்குச் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. கடைசி மூச்சின்போது அவன் தலை, அவனுக்குத் தெரிந்த ஒருவர் மடியில் இருக்க வேண்டும்.

"நீ தாங்க மாட்டேக்கா. நான் தூக்கிட்டுப் போறேன். என் மடியிலதான் இருப்பான், போதுமா?" என்றான் தம்பி.

திரும்பி வந்தவன் கையில் கழுத்துப்பட்டை மட்டும். "ஒரு நிமிஷம்கூட ஆகலக்கா. அப்படியே தூங்கிட்டான்."

அன்று இரவு தம்பிக்குப் போர்வை போர்த்திவிட்டுத்தான் அவள் படுத்தாள். பாவம், எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டான் என்று.

எடைமேடை அருகே வந்தாள்... களிம்பு வாடை. கூடவே ஈர ரோம வாடை.

போனில் வெளிச்சம் போட்டாள். ஒன்றுமில்லை. புல்லெல்லாம் நனைந்து கிடக்க, மேடையோரம் ஒரே ஓர் இடம் உலர்ந்திருந்தது. ஒரு நாய் உட்காரும் அளவுக்கு. அங்கே விழுந்த தூறல் தரையைத் தொடவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காது போனபின் கிழவனுக்குக் கைச்சாடை பழக்கியவனே தம்பிதான். உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவான். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எழுந்திருப்பான். நடுவில் இடியே விழுந்தாலும் அசையமாட்டான்.

வெளிச்சத்தை அணைத்தாள். தொடையில் தட்டினாள்.

டிக்... டிக்... சர்ர்ர்...

வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கிழவன் யாரு மடியிலடா செத்தான்?"

"என்னக்கா, திடீர்னு..."

"டாக்டரைப் பார்த்தேன்."

அவன் முகம் வெளுத்தது. "அன்னிக்கு எனக்கு வேலைக்கு நேரமாயிடுச்சுக்கா. எப்படியும் ரெண்டு நாள்ல தானா போயிடுவான்னு... எடைமேடைகிட்ட இறக்கிவிட்டுக் கையைக் காட்டினேன். உட்கார்ந்துட்டான். வண்டியை எடுத்தப்பகூட என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தான்."

"விட்டுட்டு வந்தே, சரி. மடியில தூங்கினான்னு எதுக்குடா சொன்னே?"

"நீ நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்..."

டிக்... டிக்... சர்ர்ர்... நகச் சத்தம் வாசற்படி ஏறியது. தம்பிக்கும் கேட்டது. வெளியே ஓடப் பாய்ந்தான். அவனை நிறுத்த அவள் கையை நீட்டினாள். யாரும் செய்வதுதான். உள்ளங்கை அவன் பக்கம் இருந்தது.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அவள் காலடியில் ஏதோ கனமாகச் சரிந்து படுத்தது... நீளமாய் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ டாக்டர்கள் பார்த்தாயிற்று. காலில் ஒரு குறையும் இல்லையாம். பேச்சும் நின்றுவிட்டது. டெய்லரக்காதான் ஊட்டுகிறாள், துடைக்கிறாள், புண்ணுக்குக் களிம்பு தடவுகிறாள். அவன் கண் மட்டும் அவள் கை போகிற இடமெல்லாம் போகிறது.

போன வாரம் என் சிநேகிதி போய்ப் பார்த்திருக்கிறாள். அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். வலது கை தொடைமேல்தான் இருந்ததாம்...

அசையாமல்.