என்னைத் தீவு என்றவர்களுக்கு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அவ்வப்போது கண்ணயர்ந்து நாற்காலியால் தாங்கப்படும் பெரியவர் ஒலாங்கோ அவர்களே! கடவுளுக்குக் காது மந்தமோ என்று நாங்கள் ஐயப்படும் அளவுக்கு முழங்கி அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே! என் கொழுந்தனார் ஓவிட்டி அவர்களே! அழுது முடித்து, அண்டாவில் வேகும் இறைச்சியின் மேல் கண் வைத்திருக்கும் ஊர்ப் பெருமக்களே! அந்த அண்டாவுக்காகக் காலையிலிருந்து புகை தின்னும் தாய்மார்களே! போன வாரம் நீங்கள் மண்ணில் வைத்த ஒபியேரோவின் மனைவி, அபொண்டி, உங்களை வணங்குகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பாறையில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் தீவு என்று வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது மறக்கவில்லை. இன்று போதகர் புதிதாக ஒரு பாடம் நடத்தினார். கணவனை இழந்த இந்தப் பெண் ஒரு தனித்தீவு என்றார். ஆமென் என்றீர்கள். உடனே கொழுந்தனார் எழுந்தார்.

"அண்ணி இனிமே நியகுராவுக்குப் போக வேணாம். தனியா தீவுல என்ன பண்ணுவாங்க? இங்கயே இருக்கட்டும். பெரியவர் இன்னைக்கே முடிவு சொல்லணும்."

அதற்கும் ஆமென். பசி வந்தால் எதற்கும் ஆமென்தான்.

போதகர் ஐயா, பணிவோடு கேட்கிறேன். நீங்கள் தீவைப் பார்த்திருக்கிறீர்களா? படகில் கால் வைத்தாலே உங்களுக்குக் குமட்டும் என்பது இந்த ஏரி முழுக்கத் தெரியும். கேளுங்கள், நான் சொல்கிறேன். நாங்கள் பிழைத்த நியகுரா, ஏரி நடுவே ஒரு பாறை. பாறை மேல் தகரம், தகரத்தை ஒட்டித் தகரம். அதோ, என்னைப் பார்க்க வந்து பின்னால் நிற்கிறாளே அஜ்வாங், என் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒரே தகரம். அவள் வெங்காயம் நறுக்கினால் என் கண் எரியும். நான் தும்மினால், "மழையில நனையாதடின்னா கேக்கறியா?" என்று சுவர் திட்டும். எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் மூன்றாவது வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். கழிப்பறை வரிசையில் கென்யா, உகாண்டா, தான்சானியா என்று மூன்று நாட்டு வயிறும் ஒரே கதவைப் பார்த்து நிற்கும். தனிமையா? எங்கே ஐயா வைப்பது தனிமையை? வைக்க இடம் ஏது?

பின்னால் யாரோ, "சாவு வீட்ல சிரிக்க வைக்கறா பாரு" என்கிறீர்கள். சிரியுங்கள் அம்மா. அவர் இருந்திருந்தால் முதல் சிரிப்பு அவருடையதுதான்.

அவர் காய்ச்சலில் போன அன்று பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்து அழுதேன். சுவர் பேசியது.

"அபொண்டி, இப்படி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழாத. எனக்கு வேலை ஓடல. சத்தமா அழு, நானும் வர்றேன்."

அழுதோம். அதைக் கேட்டு, எந்நேரமும் அலறும் சாராயக் கடைப் பாட்டை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் எனக்கு நெஞ்சே நின்றது. அஜ்வாங் தெருவுக்கு ஓடிக் கத்தினாள்: "எவன்டா பாட்ட நிறுத்துனது? செத்தவனுக்குப் பிடிச்ச பாட்டுடா அது. போடு!"

பாட்டு ஓடியது. தீவே அழுதது. இதுவா ஐயா தனித்தீவு?

இப்போது இந்தக் கரைக்கு வருவோம். சொந்த மண்ணில் வீடு இல்லாத ஆணை அந்த மண்ணில் புதைக்கக் கூடாது. அது நம் வழக்கம், மதிக்கிறேன். அவர் உயிரோடு வந்து, "தம்பி, ஒரு மூலை குடு, குடிசை போட்டுக்கறேன்" என்று கேட்டார். "அங்க சோளம் போட்டிருக்கேண்ணே" என்றார் கொழுந்தனார். அண்ணன் செத்தார். சோளத்துக்கு நடுவே ஒரே நாளில் வீடு முளைத்தது! கதவு உண்டு, பூட்டு உண்டு. அவசரத்தில் ஜன்னலை மறந்துவிட்டார்கள். பிணத்துக்குக் காற்று எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அடக்கம் முடிந்ததும் மனைவி சில இரவு அதற்குள் படுத்து எழ வேண்டும் என்ற வழக்கம் மட்டும் நினைவில் இல்லை.

வழக்கப்படி படுத்தேன். முதல் நாள் ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. வேண்டுமென்றே இன்னொரு முறை தும்மினேன். வெளியே சோளம் அசைந்தது. அவ்வளவுதான்.

நாலு பக்கமும் சோளம். அப்போதுதான், போதகர் ஐயா, நீங்கள் சொல்லும் தீவு எனக்குப் புரிந்தது. அது ஏரியில் இல்லை. அதைக் கட்டி, பூட்டும் போட்டு, என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியவரே, வழக்கத்தில் குறை வைத்தேனா? அவருக்கு வீடு இருக்கிறது. மண் இருக்கிறது. மனைவி படுத்து எழுந்துவிட்டாள். இதோ சாவி. கொழுந்தனாரே, உள்ளே ஆடு கட்டுங்கள். உங்கள் அண்ணனுக்குப் பக்கத்தில் சத்தம் வேண்டும்; அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. என்னை மட்டும் கட்டாதீர்கள்.

பெரியவர் கண்ணைத் திறக்காமல் ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் நீட்டுகிறேன்.

"நான் தூங்கறேன்னு எவ சொன்னா? எல்லாம் காதுல விழுது. படகு எப்போ?"

"கயிறு அவுத்தாச்சு, தாத்தா!" அது அஜ்வாங்.

"அப்ப சாவிய வாங்கிக்க, ஓவிட்டி. அவள விடு. இந்தப் பேச்சுக்கு ஜன்னல் இல்லாத வீடு தாங்காது."

கேட்டீர்களா? இதற்குச் சொல்லுங்கள் ஆமென்!

குழி வெட்டிய கைகளுக்கு நன்றி. புகை தின்ற தாய்மார்களுக்கு நன்றி. இறைச்சி வெந்துவிட்டது, போதகருக்கு முதலில் வையுங்கள். ஒபியேரோ, போய் வருகிறேன், ஆடுகள் வரும். அஜ்வாங், படகில் எனக்கு இடம் இருக்கிறதா? இல்லையா? நல்லது, உன் மடியில் உட்கார்ந்து வருகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.